ரொட்டி அடுப்பும் புகைப் பெட்டியும்

 

நம் கசார்வாடியில் வடா பாவ் சாப்பிடாத ஆள் உண்டா? காலையில் ரயிலுக்கு ஓடும்போது ஒன்று. வேலை விட்டு வரும்போது ஒன்று. அந்த வடை நமக்குப் புதிதில்லை. நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டாவைக் கொஞ்சம் தட்டினால் அதுதான். ஆனால் பாவ்? அதை நம்மில் யாரும் வீட்டில் சுட்டதில்லை. அது தோசைக்கல்லில் வேகாது. இட்லிச் சட்டியிலும் வேகாது. கீழே, மேலே, சுற்றிலும் ஒரே மாதிரி சூடு வேண்டும். அதற்கு வேறு வகை அடுப்பு தேவை.

"அந்த அடுப்பை நாமே கட்டினால் என்ன?" என்று மகளிர் குழு அக்கா ஒருவர் கேட்டார். "கட்டுவதானால் பக்கத்திலேயே மீன் புகை போடவும் ஒரு பெட்டி கட்டுங்கள்" என்றார் தூத்துக்குடி அக்கா. நானும் சேர்ந்துகொண்டேன். ஒரு முறை கட்டி, அது உடைந்து, மறுபடி கட்டினோம். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். கட்ட நினைப்பவர்கள் எங்களைப் போல் செங்கலை வீணாக்க வேண்டாம்.

முதலில் பாவ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1510-ல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்தார்கள். அவர்கள் மொழியில் ரொட்டிக்குப் பெயர் பாவ். அங்கே ஈஸ்ட் கிடைக்கவில்லை. தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். நம் ஊரில் ஆப்ப மாவுக்குக் கள் ஊற்றுவார்களே, அதே வேலை. இலங்கைக்கும் அவர்கள் போனார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் இன்றும் ரொட்டியைப் பாண் என்கிறார்கள். அது வேகும் அடுப்பைப் போறணை என்கிறார்கள். இரண்டும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தவை. நம் ஊட்டி வர்க்கி தெரியும் அல்லவா? அதுவும் இப்படிப்பட்ட விறகு அடுப்பில்தான் பேர் வாங்கியது. இங்கே மராட்டியில் இதை பட்டி என்கிறார்கள். நம் ஊரில் பட்டி என்றால் ஆடு மாடு அடைக்கும் இடம். ஆகவே நான் ரொட்டி அடுப்பு என்றே சொல்கிறேன்.

இந்த அடுப்பு எப்படி வேலை செய்கிறது? நம் வீட்டு அடுப்பில் தீ எரியும்போதே சமைப்போம். இதில் அப்படி இல்லை. உள்ளே இரண்டு மணி நேரம் விறகு எரிய வேண்டும். செங்கல் அந்தச் சூட்டைக் குடிக்கும். பிறகு தணலை எல்லாம் வெளியே இழுத்துவிட வேண்டும். காலியான அடுப்பில் மாவை வைத்து வாசலை மூட வேண்டும். செங்கல் குடித்த சூடு மெல்ல வெளியே வரும். அந்தச் சூட்டில் ரொட்டி வேகும். ரொட்டி வேகும்போது உள்ளே தீயும் இல்லை, புகையும் இல்லை.

பகல் முழுக்க வெயில் வாங்கிய மொட்டை மாடி ராத்திரி பத்து மணிக்கும் சுடுகிறதே, அதை நினைத்துக் கொள்ளுங்கள்.

இனி எங்கள் முதல் அடுப்பு. ஒரு அக்கா வீட்டுப் பின்புறத்தில் கட்டினோம். ஒரு கொத்தனார் வந்தார். "சிமென்ட் போட்டால்தான் நிற்கும்" என்றார். வளைவைச் சிமென்ட் கலவையில் எழுப்பினார். மேலே பூச மண் வேண்டும். பக்கத்தில் தோண்டிய குழியிலிருந்து கறுப்பு மண்ணை அள்ளிப் பூசினோம். மூன்றாம் நாள் எங்களுக்குப் பொறுக்கவில்லை. இருபத்தைந்து பன்னுக்கு மாவு பிசைந்து வைத்துவிட்டு, அடுப்பு நிறைய விறகு அடுக்கித் தீ வைத்தோம். முக்கால் மணி நேரத்தில் வெடிச்சத்தம் கேட்டது. ஒரு செங்கல் துண்டு பறந்துபோய்த் துணி துவைக்கும் கல்லில் விழுந்தது. நல்லவேளை, அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. உச்சியிலிருந்து வாசல் வரை விரிசல். பன் மாவை அன்று ராத்திரி தோசைக்கல்லில் தட்டிச் சாப்பிட்டோம்.

என்ன தவறு செய்தோம்? மூன்று தவறு.

சிமென்ட் வீட்டுச் சுவருக்கு நல்லது. 300 டிகிரி சூட்டுக்கு மேல் போனால் அது வலு இழக்கத் தொடங்கும். இந்த அடுப்பின் உள்ளே அதைவிடச் சூடு ஏறும். தீ படும் இடத்தில் மண் கலவைதான் வேண்டும்.

அடுத்தது அந்தக் கறுப்பு மண். அது கரிசல். தண்ணீர் பட்டால் உப்பும். காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் நுழையும் அளவு வெடிப்பு விடுவதைப் பார்த்திருப்பீர்கள். புனே பக்கம் எங்கும் இந்த மண்தான். பருத்திக்கு நல்ல மண், அடுப்புக்கு ஆகாது. பானை செய்பவரிடம் போய் மண் வாங்க வேண்டும். ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு மணல் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது அவசரம். ஈரமாக இருந்த செங்கலுக்குள் தண்ணீர் இருந்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1600 லிட்டர் இடம் கேட்கும். செங்கலுக்குள் அவ்வளவு இடம் ஏது? உடைத்துக்கொண்டுதான் வெளியே வரும். இதே காரணத்தால் ஆற்றுக் கூழாங்கல்லையும் அடுப்புக்குள் பதிக்காதீர்கள்.

இரண்டாவது அடுப்பை நாங்களே கட்டினோம். கொத்தனாரை மேடைக்கு மட்டும் கூப்பிட்டோம். நாலடிக்கு நாலடி, உயரம் மூன்றடி. குனியாமல் வேலை செய்ய அந்த உயரம் வேண்டும். அந்த மேடைக்குச் சிமென்ட் போடலாம். தீ அங்கே வராது. சுமார் 370 செங்கல் ஆனது. நடுவில் உடைந்த கல்லும் மண்ணும் போட்டு இடித்தோம்.

மேடை மேல் ஒரு மெத்தை வேண்டும். சூடு கீழே இறங்காமல் தடுப்பதற்கு. மரத்தூளை மண் கரைசலில் பிசைந்து நாலு அங்குலம் போட்டோம். அதற்குள் காலிக் கண்ணாடிப் பாட்டில்களைப் படுக்க வைத்தோம். பாட்டிலில் அடைபட்ட காற்று சூட்டைக் கடத்தாது. அதற்கு மேல் மணல் பரப்பி ரசமட்டம் வைத்துச் சமன் செய்தோம். மணல் மேல் செங்கல் தரை. மூன்றடிக்கு மூன்றடி, 32 செங்கல். இதற்குக் கலவையே கிடையாது. ஒன்றோடு ஒன்று நெருக்கி அடுக்கினால் போதும். நன்றாக வெந்த கல்லாகப் பாருங்கள். தட்டினால் மணி போல் ஒலிக்க வேண்டும்.

வளைவை எப்படிக் கட்டுவது? இதுதான் எல்லோரும் பயப்படும் இடம். உண்மையில் இதுதான் விளையாட்டு மாதிரி இருந்தது. குழந்தைகளைக் கூப்பிட்டோம். ஈர மணலைத் தரை மேல் குவித்துத் தட்டி, கவிழ்த்த சட்டி போல் செய்தோம். குறுக்களவு 27 அங்குலம், உயரம் 16 அங்குலம். அதன் மேல் ஈரச் செய்தித்தாளை ஒட்டினோம். அதைச் சுற்றிலும் அரைக்கல்லாக உடைத்த செங்கலை மண் கலவையில் வைத்து, வட்டம் வட்டமாக ஏற்றினோம். அறுபது எழுபது செங்கல் போதுமானதாக இருந்தது. கலவை கொஞ்சம் இறுகிய பிறகு வாசல் வழியே மணலைக் கையால் அள்ளி எடுத்தோம். உள்ளே காகிதம் தெரிந்தால் நிறுத்த வேண்டும். அதற்குத்தான் அந்தக் காகிதம். வளைவு தானாக நின்றது. கல் ஒன்றை ஒன்று தாங்கிக் கொள்கிறது.

வாசல் உயரம் 10 அங்குலம். இந்த அளவைத் தயவுசெய்து குறித்துக் கொள்ளுங்கள். வளைவு 16 என்றால் வாசல் 10. ஏன்? வாசலின் கீழ்ப்பாதி வழியே குளிர்ந்த காற்று உள்ளே போகிறது. மேல்பாதி வழியே புகை வெளியே வருகிறது. வாசல் உயரமானால் சூடெல்லாம் ஓடிவிடும். குட்டையானால் புகை உள்ளே மாட்டிக்கொண்டு தீ மூச்சுத் திணறும். ரொம்பப் பேர் புகைபோக்கியை வளைவின் உச்சியில் வைக்கச் சொன்னார்கள். வைக்கக் கூடாது. சூடுதான் முதலில் அந்த வழியே போகும். புகைபோக்கி வாசலுக்கு வெளியே, முன்பக்கம் இருக்க வேண்டும். ஆறு அங்குலக் குழாய் போட்டோம். பக்கத்து வீட்டு ஜன்னலைவிட உயரமாகத் தூக்கினோம்.

வளைவு மேல் மறுபடி மரத்தூள் மண்ணை நாலு அங்குலம் பூசினோம். உமிச்சாம்பல் கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். பிறகு மூன்று வாரம் காய விட்டோம். மழைக்காலத்துக்கு முன்பே கட்டுங்கள். மேலே தகரக் கூரையும் போடுங்கள். காய்ந்த பிறகும் உடனே பெரிய தீ கூடாது. முதல் நாள் காகிதமும் சுள்ளியும். மறுநாள் கொஞ்சம் அதிகம். இப்படி ஒரு வாரம். மெல்லிய விரிசல் சில விழுந்தன. அதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். மண்ணைக் குழைத்துத் தேய்த்தால் சரி.

சுடும் நாளில் எப்படிச் சூடு பார்ப்பது? முதலில் வளைவின் உள்பக்கம் கரி பிடித்துக் கறுப்பாகும. இன்னும் எரித்தால் அந்தக் கரியே எரிந்து செங்கல் வெளுப்பாகத் தெரியும். அப்போது சுமார் 350 டிகிரி ஏறிவிட்டது என்று அர்த்தம். தணலை இழுத்து, ஈரக் கோணியால் தரையைத் துடைத்து, வாசலை மூடிக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். பிறகு ஒரு சிட்டிகை மாவைத் தரையில் தூவுங்கள். உடனே கறுத்தால் சூடு அதிகம். மெல்லப் பழுப்பானால் பாவ் வைக்கலாம். பாவ் எடுத்த பிறகு பன், அதன் பிறகு பிஸ்கட். கடைசிச் சூட்டில் மீந்த ரொட்டியைத் துண்டு போட்டு வைத்தால் காலையில் ரஸ்க். ஒரே விறகில் இத்தனை வேலை.

இழுத்த தணல் இருக்கிறதே, அதை என்ன செய்வது? அங்கேதான் தூத்துக்குடி அக்காவின் புகைப் பெட்டி வருகிறது.

மாசி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாலத்தீவிலும் நம் மினிக்காய் தீவிலும் சூரை மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, புகை போட்டு, வெயிலில் கல் மாதிரி காய வைப்பார்கள். அந்த அக்காவின் அம்மா மாசியை இடித்துச் சம்பல் அரைப்பாராம். அவ்வளவு பெரிய வேலை நமக்கு வேண்டாம். நாங்கள் எடுத்துக்கொண்டது வேறு ஒரு ஊர் முறை. ஆப்பிரிக்காவில் கானா என்று ஒரு நாடு. அதன் தலைநகர் அக்ராவில் சோர்கோர் என்ற மீனவர் குப்பம். அந்தக் குப்பத்துப் பெண்கள் வட்டமான மண் அடுப்பில் மீனுக்குப் புகை போட்டு வந்தார்கள். கண் எரியும், கை சுடும், விறகு நிறைய ஆகும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெண்களும், கானாவின் உணவு ஆராய்ச்சி நிலையமும், ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து புது அடுப்பு ஒன்றைச் செய்தார்கள். கீழே நீள்சதுரமான பெட்டி. மேலே கம்பிவலை அடித்த மரச்சட்டங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக. அடுக்கிய சட்டங்களே புகைபோக்கி மாதிரி ஆகிவிடுகின்றன. இன்று பல நாடுகளில் இதைப் பார்க்கலாம்.

நாங்கள் மேடையை ஒட்டி, இரண்டடிச் சதுரத்தில் செங்கல் பெட்டி கட்டினோம். உயரம் இரண்டடி. அடியில் தணல் தள்ள ஒரு வாசல். மேலே நாலு சட்டம். ரொட்டி அடுப்பிலிருந்து இழுத்த தணலை அப்படியே பெட்டிக்குள் தள்ளி, அதன் மேல் லேசாக நனைத்த தேங்காய் மட்டையும் கரும்புச் சக்கையும் போடுவோம். தீ எரியாது, புகை மட்டும் வரும். மேலே ஈரக் கோணி மூடி.

அயிலை மீனைக் கீறி, உப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் போடுங்கள். லிட்டருக்கு 100 கிராம் உப்பு. பிறகு வலை மூடிக் காற்றில் வைத்து மேல் ஈரம் போக விடுங்கள். ஈரத்தோடு வைத்தால் கரி ஒட்டிக் கசக்கும். இரண்டு மூன்று மணி நேரம் புகை. நடுவில் மேல் சட்டத்தைக் கீழும் கீழ்ச் சட்டத்தை மேலும் மாற்ற வேண்டும். நடு முள் ஓரம் சதை வெந்து உதிர வேண்டும். நிறம் வந்தால் போதும் என்று எடுக்காதீர்கள். புகை போட்ட மீன் கெடாது என்று சிலர் நினைக்கிறார்கள். கருவாடு மாதிரி காய்ந்தால்தான் கெடாது. இது ஈரமுள்ள மீன். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்.

இப்போது எனக்கு வெட்கம் வந்த ஒரு விஷயம்.

முதல் தடவை புகை போட்டபோது விறகுக்குப் பேக்கிங் மரத்தை எரித்தோம். இங்கே சுற்றிலும் தொழிற்சாலை. எந்திரம் வந்த மரப்பெட்டி மலிவாகக் கிடைக்கிறது. மீனில் ஒரு மாதிரி மருந்து வாசனை. வாயில் வைக்க முடியவில்லை. மிச்சம் இருந்த பலகையை அந்த அக்கா என்னிடம் நீட்டினார். அதில் ஒரு முத்திரை சுட்டிருந்தது. "நீ பத்தாவது படிச்ச பிள்ளைதானே, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். நான் எழுத்தைப் படித்தேன். அர்த்தம் தெரியவில்லை. அவ்வளவு மீனையும் கொட்டினோம். கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெளிநாடு போகும் மரப்பெட்டியில் பூச்சி இருக்கக் கூடாது என்று உலக அளவில் விதி இருக்கிறது. பூச்சியைக் கொன்ற பெட்டியில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம் இருக்கும். பக்கத்தில் ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச், டி என்று இருந்தால் சூடு காட்டிக் கொன்றது. எம், பி என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற விஷ வாயு அடித்தது. அந்த நான்கு எழுத்தையும் கரும்பலகையில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். போகும்போது நோட்டில் வரைந்து கொள்ளுங்கள். எம், பி போட்ட மரத்தை எதற்கும் எரிக்கக் கூடாது. எச், டி மரத்திலும் பெயிண்ட், எண்ணெய், ரசாயனம் சிந்தியிருக்கலாம். என்னைக் கேட்டால், சாப்பாட்டு அடுப்புக்குப் பேக்கிங் மரமே வேண்டாம். கருவேலம், மா, கொய்யா போன்ற காய்ந்த மரம் போதும்.

புகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். என் அம்மா ஊதுகுழல் பிடித்தே இருமல் வாங்கியவர். இது அவர் ஒருவர் கதை இல்லை. வீட்டு அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இதற்கு வழி தேடியவர்களில் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவின் கூட்டாளிகளும் உண்டு. காந்தியோடு சேர்ந்து, இதே மகாராஷ்டிரத்தில் வார்தாவில், 1934-ல் தொடங்கிய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர் அவர். அங்கே 1940-களில் புகை குறைந்த அடுப்பு ஒன்று உருவானது. பெயர் மகன் சூலா. மகன் என்றால் பிள்ளை இல்லை. காந்தியின் உறவினர் மகன்லாலின் பெயர் அது. பிறகு 1983-ல் மத்திய அரசும் புகையில்லா அடுப்புத் திட்டம் தொடங்கியது. 2002 வரை நடந்தது. கட்டிக் கொடுத்த அடுப்புகளில் நிறைய சில வருஷத்திலேயே உடைந்தும் அடைத்தும் போயின. ஆகவே உங்கள் புகைபோக்கியை மாதம் ஒரு முறை கயிற்றில் கோணி கட்டி இழுத்துத் துடையுங்கள்.

இன்னொன்று தணல். அணைந்தது மாதிரி தெரியும். அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. டிசம்பர் குளிருக்குத் தணலைச் சட்டியில் அள்ளி அறைக்குள் வைத்துக் கதவை மூடினால் தூக்கத்திலேயே உயிர் போகும். தணலைப் பெட்டியில் போடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள்.

இதை வைத்து வியாபாரம் செய்யலாமா என்று போன வாரம் மூன்று பேர் கேட்டீர்கள். நான் யோசித்துத்தான் சொல்கிறேன். 2025 ஜனவரி 9-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. மும்பையில் விறகும் கரியும் எரிக்கும் பேக்கரிகள் 6 மாதத்துக்குள் எரிவாயு மாதிரி சுத்தமான எரிபொருளுக்கு மாற வேண்டும் என்றது. பல வருஷமாகப் பாவ் சுட்டவர்கள் கலங்கிப் போனார்கள். அவர்கள் கஷ்டம் உண்மை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சும் உண்மை. தினமும் சுட்டு விற்க வேண்டும் என்றால் குழுக் கடன் வாங்கி எரிவாயு அடுப்பு போடுங்கள் என்பேன். வாரம் ஒரு நாள், நாலு வீடு சேர்ந்து சுட்டுக்கொள்ள இந்தச் செங்கல் அடுப்பு போதும். அதற்கும் வீட்டுக்காரரிடமும் அக்கம்பக்கத்திலும் முன்பே கேளுங்கள். பிம்பிரி-சிஞ்ச்வட் மாநகராட்சியிலும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். மேல் மாடியில் துணி காயும் நேரத்தில் தீ வைக்காதீர்கள். எங்கள் மேல் மாடி மௌஷி முதல் வாரம் சண்டைக்கு வந்தார். இப்போது வாரம் ஆறு பாவ் வாங்கிக் கொள்கிறார். இருந்தாலும் துணி காயும் நேரத்தைக் கேட்டுத்தான் தீ வைக்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்குத் தீ வைப்போம். பார்க்க வருகிறவர்கள் அப்போதே வாருங்கள். மாவு பிசைந்து கொண்டு வருகிறவர்கள் 8 மணிக்கு வந்தால் போதும். மீன் கொண்டு வருகிறவர்கள் கீறி, உப்புத் தண்ணீரில் போட்டு எடுத்துக் கொண்டு வாருங்கள். இரண்டு பழைய கோணியும் ஒரு வாளியும் வேண்டும். யாரிடம் இருக்கிறது?